உயரத்தில் உயிர் காக்கும் கயிறு

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

பழமலைநாதர் கோயிலின் கோபுரங்களும், பழைய பீங்கான் சூளைகளின் புகைபோக்கிகளும் நம் விருத்தாசலத்தை அண்ணாந்து பார்க்க வைப்பவை. அண்ணாந்து பார்ப்பவர் பலர். ஏறி வேலை செய்பவர் சிலர். குடமுழுக்கு வந்தால் கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். புகைபோக்கியில் வெடிப்புக் கண்டால் பூச வேண்டும். அங்கே சாரத்தில் நிற்கும் ஒருவருக்கு வெயிலில் மயக்கம் வந்துவிட்டால் அவரை எப்படிக் கீழே கொண்டுவருவது? "கயிறு கட்டி இறக்கலாம்" என்பார்கள். அந்தக் கயிற்றை எதில் கட்டுவது, அது எங்கே வளைகிறது, எங்கே உராய்கிறது என்று கேட்பவர் அரியர். வகுப்பில் இயற்பியலும், தேசிய மாணவர் படை முகாமில் கயிற்றுப் பயிற்சியும் பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பீங்கான் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுத்தால் எளிதில் உடையும். கயிறு இதற்கு நேர்மாறு. இழுவிசை ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. ஆனால் எல்லாக் கயிறும் ஒன்றன்று. 1935இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட நைலான், தேங்காய் நார்க் கயிற்றின் காலத்தையே மாற்றிவிட்டது. 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம், உள்ளே நீண்ட இழைகளும் அவற்றைக் காக்க மேலே பின்னிய உறையும் கொண்ட கயிற்றைக் கொணர்ந்தது. இன்று மீட்புப் பணியில் பயன்படுவது இவ்வகையே. இதிலும் இரண்டு உண்டு. மலையேறுவோர் கயிறு நன்கு நீளும். மீட்புக் கயிறு சிறிதே நீளும்.

நீள்வதால் என்ன பயன் என்பீர்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்து, நீளாத கயிற்றால் 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்படுவதாகக் கொள்வோம். விழுந்த ஆற்றல் முழுவதும் அந்த 10 சென்டிமீட்டரில் செலவாக வேண்டும். கணக்கிட்டால் அவர் உடலில் சராசரியாக 1470 கிலோ எடைக்குச் சமமான விசை தாக்கும். அதே வீழ்ச்சி 1 மீட்டர் தூரத்தில் மெல்ல நின்றால் விசை 210 கிலோதான். ஆகவே கயிறு அறாமல் இருந்தாலும் மனிதர் முறியலாம். மீட்புக் கயிற்றைத் தளர விடாமல் எப்போதும் இறுக்கமாக வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். விழ இடமே தரக்கூடாது. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டையைத் தவிர்த்து, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடற்கச்சையை அணிவதும் இதனால்தான். வாங்கும்போது அதில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இனிப் பிடிமானம். என் கருத்தில் ஆபத்து பெரும்பாலும் ஒளிந்திருப்பது இங்கேதான். கோபுரத்துச் சுதைச் சிற்பம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் பிடிமானம் ஆகாது. பழைய கைப்பிடிச் சுவரும் ஆகாது. நல்ல பிடிமானங்கள் இரண்டைத் தேர்ந்து பளுவைப் பகிர்ந்தால் நன்று. ஆனால் இரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைக் கவனிக்க வேண்டும். 100 கிலோ பளு தொங்கும்போது கோணம் 60 பாகையானால் ஒவ்வொரு பிடிமானமும் 58 கிலோ தாங்கும். 90 பாகையில் 71 கிலோ. 120 பாகையில் ஒவ்வொன்றும் முழு 100 கிலோவையும் தாங்கும். பகிர்ந்ததால் பயனே இல்லை! 150 பாகையிலோ 193 கிலோ. துணி காயப் போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொள்வது ஏன் என்பதும் இப்போது விளங்கும்.

கிணற்று ராட்டினமும் இப்படி ஒரு பாடம் சொல்லும். 15 கிலோ வாளியை ராட்டினத்தில் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்துத் தூக்கினால், மேல் உத்தரம் தாங்குவது 30 கிலோ: வாளியின் எடை ஒருபுறம், நாம் இழுப்பது மறுபுறம். கோபுர உச்சியில் கப்பி மாட்டி 70 கிலோ மனிதரைக் கீழிருந்து பிடித்தால் பிடிமானத்தின் மேல் 140 கிலோ விழும்.

கயிற்றுக்கு எமன் கூரிய விளிம்பு. செங்கல் முனையிலோ தகட்டு ஓரத்திலோ பளுவோடு உராயும் கயிறு நொடியில் அறும். அங்கே தடித்த கோணிப்பையோ விளிம்புக் காப்போ வைக்க வேண்டும். நைலான் மேல் நைலான் ஒரே இடத்தில் உராய்ந்தால் சூட்டில் உருகிவிடும். சூளை நகரத்தார்க்குச் சூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முடிச்சும் கயிற்றின் வலிமையைக் குறைக்கும். எட்டு வடிவ முடிச்சு குறைவாகவே பறிக்கும். சரியாகப் போட்டோமா என்று பார்த்தவுடன் தெரியும் என்பது அதன் பெருமை. காரபைனர் எனப்படும் பூட்டுக் கொக்கியோ நீளவாக்கில் 2 டன்னுக்கு மேல் தாங்கும். குறுக்கே இழுபட்டால் அதில் மூன்றிலொரு பங்குதான். எனவே பூட்டைத் திருகியபின், அது திரும்பிக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஏதேனும் ஒன்று தவறலாம். ஆகவே ஒருவருக்கு இரு கயிறு, இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம் என்பது விதி. ஜார்க்கண்ட் மாநிலத்துத் தேவ்கர் அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10ஆம் நாள் கம்பிவடத் தொட்டிகள் பழுதாகி, பலர் அந்தரத்தில் சிக்கினர். விமானப்படையும் இராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் மூன்றாம் நாள் வரை போராடி நாற்பதுக்கு மேற்பட்டோரை மீட்டன. ஆயினும் மீட்கும் வேளையிலேயே இருவர் விழுந்து இறந்தனர். தேர்ந்த கைகளுக்கே இப்பணி இத்துணைக் கடிது.

இன்னொன்று பலர் அறியாதது. கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். விழாமல் தொங்குகிறாரே என்று நிம்மதியடைய முடியாது. இறக்கும் வழியும் ஆளும் ஏறுமுன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லிவிட்டு, நினைவோடு இருப்பவரைக் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். இறக்கியவரைப் படுக்க வைக்கக்கூடாது என்று முன்பு சொல்வர். அதற்கு ஆதாரமில்லை என்று பிரிட்டனில் 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வழக்கமான முதலுதவிதான்.

பெரும் வீழ்ச்சி ஒன்றைத் தாங்கிய கயிற்றை மறுபடி பயன்படுத்தலாகாது. கண்ணுக்குப் புதிதுபோலவே இருக்கும், உள்ளிழைகள் அறுந்திருக்கலாம். ஆகையால் யாரும் எடுத்துவிடாதபடி துண்டு துண்டாக வெட்டிவிடுவர். முகாமில் நாங்கள் முடிச்சுப் பழகியதெல்லாம் அப்படி வெட்டிய துண்டுகளில்தான்.