பனிமலை ட்ரெக் பேக்கிங்: குளிரை விட ஈரம்தான் ஆபத்து

டிசம்பர் நெருங்கினாலே வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "கேதார்காந்தா போறோம், பையில என்னெல்லாம் வைக்கணும்?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

உத்தராகண்ட்ல சாங்க்ரி கிராமத்துல தொடங்குற ட்ரெக் இது. உச்சி கிட்டத்தட்ட 3,800 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினா வெப்பநிலை சராசரியா 6 டிகிரி குறையும். இதைக் கேட்டதும் நிறைய பேர் இருக்கறதுலயே தடிமனான ஜாக்கெட்டா பார்த்து வாங்கிடறாங்க. ஆனா அங்க நம்மளை முதல்ல கவுக்கறது குளிர் இல்ல, ஈரம்.

காட்டன் சட்டை நம்ம ஊர் வெயிலுக்கு ஏன் சுகமா இருக்கு? அது வியர்வையை உறிஞ்சி வெச்சுக்குது. அந்த ஈரம் மெதுவா காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுது. சென்னையில இது வரம். பனியில இதுவே வினை. காத்தை விடத் தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். விடியக்காலை 3 மணிக்கு ஏற ஆரம்பிச்சு, வேர்த்து, நனைஞ்ச பனியனோட உச்சிக் காத்துல பத்து நிமிஷம் நின்னா போதும், நடுக்கம் வந்துடும். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழ போனா அதுக்குப் பேர் ஹைப்போதெர்மியா. பேச்சு குழறும், கால் தடுமாறும். அது உயிருக்கே ஆபத்து.

அதனால ஒரே தடி ஜாக்கெட் வேண்டாம், அடுக்கு அடுக்கா போடுங்க. தோலை ஒட்டி பாலியெஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளி. அதுக்கு மேல ஃப்ளீஸ். வெளியில காத்தும் தண்ணியும் புகாத மெல்லிசான ஜாக்கெட். இறகு அடைச்ச டவுன் ஜாக்கெட்டை நடக்கும்போது போடாதீங்க. நனைஞ்சா அது சூடே தராது. நிக்கும்போதும் கேம்ப்லயும் மட்டும் போடுங்க. ஜீன்ஸை வீட்லயே விட்டுடுங்க. இன்னொரு சூத்திரம்: லேசாக் குளிருதேன்னு இருக்கும்போதே நடக்க ஆரம்பிங்க. வேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு அடுக்கைக் கழட்டிடுங்க.

அடுத்தது கால். நடக்க மூணு ஜோடி சாக்ஸ். தூங்க மட்டும் தனியா ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், அதை எந்தக் காரணத்துக்காகவும் பகல்ல போடாதீங்க. ஷூவைக் கிளம்புற வாரம் வாங்காம, முன்கூட்டியே வாங்கி மாடிப்படி ஏறி இறங்கிப் பழக்குங்க. ஷூக்கு அடியில மாட்டற பனி முள், பனி உள்ள போகாம தடுக்கற கெய்ட்டர் இதெல்லாம் வாடகைக்கு எடுத்தாலே போதும். ஷூ மட்டும் உங்களோடதா இருக்கட்டும்.

பைக்கு மேல ரெயின் கவர் போட்டா போதும்னு நினைக்காதீங்க. முதுகுப் பக்கம் அது மூடாது. உள்ளே ஒரு பெரிய தடிமனான பிளாஸ்டிக் பையை விரிச்சு, அதுக்குள்ள துணியை வைங்க. திரும்பி வரும்போது அதையும் கீழ கொண்டு வந்துடுங்க.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. தண்ணி மேல இருந்துதான் உறையும், அதனால பாட்டிலைத் தலைகீழா வைங்க, மூடி உறையாது. போன், பவர் பேங்க் ரெண்டையும் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குள்ளயே வெச்சுக்கோங்க, குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கிடும். இருட்டுல ஏற ஹெட்லேம்ப் வேணும். புதுப்பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், அதனால யூவி தடுக்கற கூலிங் கிளாஸ் கட்டாயம்.

கடைசியா ஒண்ணு. எந்த கியரும் ஆக்ஸிஜன் குறைவை ஈடு கட்டாது. மாத்திரை வேணுமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. தலைவலியோட வாந்தி வந்தா அதுக்கு மேல ஏறாதீங்க. குறையலன்னாலோ, தள்ளாட்டம் வந்தாலோ உடனே கீழ இறங்குங்க. அதைக் கூட்டத்துல முதல் ஆளா வாய்விட்டுச் சொல்ற தைரியத்தையும் பையோட சேர்த்து எடுத்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!