ஏழைத் தேசங்களும் குடற்கிருமி ஆராய்ச்சியும்

மலத்தைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதத் துணிந்தோமே என்று நேயர்களில் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். 1901-ஆம் வருஷம் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸில் காந்தியடிகள் துடைப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கக்கூஸைத் தம் கையாலேயே சுத்தம் செய்தார். அவர் வழி வந்தோம் என்று சொல்லிக் கொள்ளும் நமக்கு இவ்விஷயத்தில் கூச்சம் தகாது.

மனிதனுடைய குடலில் கோடானுகோடி நுண்கிருமிகள் குடியிருக்கின்றன. இவற்றிற் பெரும்பாலானவை பகைவர் அல்ல. நம்மால் ஜீரணிக்க இயலாத நாரைச் சிதைத்து ஆகாரமாக்குவதும், சில வைட்டமின்களை உண்டாக்கித் தருவதும் இவையே. மைக்ரோபயோம் என்று பெயர் பெற்ற இக்கிருமிக் கூட்டத்தை ஆராய்வதற்கு வேண்டிய முதற்பொருள் மலமே. யாருடைய மலம் என்பதுதான் கேள்வி. பொதுக் களஞ்சியங்களிற் கிடைக்கும் மாதிரிகளைக் கணக்கிட்டு 1922-இல் அன்று, 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, எத்தேசத்தது என்று தெரிந்த மாதிரிகளில் நூற்றுக்கு 71-க்கு மேற்பட்டவை ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. அமெரிக்கா ஒன்றின் பங்கே 46.8. உலக ஜனத்தொகையில் காற்பங்குக்கு மேற்பட்ட மத்திய, தெற்கு ஆசியாவின் பங்கு நூற்றுக்கு 1.8 மட்டுமே. ஒரு கண்டத்தார் குடலைப் பார்த்து எழுதிய மருத்துவம் மற்றக் கண்டத்தார் வயிற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணுவது சாஸ்திரமாகாது.

இக்குறைவுக்கு அலட்சியம் மாத்திரம் காரணமன்று. உடலை விட்டு வெளிவந்த மலத்தில், உஷ்ணப் பிரதேசத்து வெயிலில், சில கிருமிகள் மடிய, சில பெருகத் தொடங்கும். ஆய்வாளன் கையில் அது சேரும்போது குடலின் உண்மை நிலை அதில் இராது. பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி செண்டிகிரேட் குளிர்ச்சி தரும் பெட்டியில் உடனே வைப்பது உத்தமமான முறை. மின்சாரம் நினைத்தபோது வந்து போகும் கிராமத்தில் அதற்கு வழி ஏது? ஆயினும் பரிகாரம் உண்டு. நூற்றுக்கு 95 பங்கு எத்தனாலில் இட்ட மாதிரி, சாதாரண உஷ்ணத்திலேயே 8 வாரம் வரை டி.என்.ஏ. பரிசோதனைக்குத் தகுதியாக இருப்பதாக 2016-இல் சோதித்துக் கண்டனர். சிக்கனம் என்று தண்ணீர் கலந்து 70 பங்காக்கினால் பயன் கெட்டுவிடும். மற்றொரு குறையும் உண்டு. எத்தனாலில் கிருமி உயிரோடிராது. உயிருள்ள கிருமியை வளர்த்து மருந்தாக்க வேண்டுமானால் குளிர்ப்பெட்டியே வேண்டும். ஆகவே, அப்பெட்டி எத்தேசத்தில் இருக்கிறதோ அத்தேசத்தின் கையிலேயே அதிகாரமும் சேர்கிறது.

பருத்தியை இங்கே விளைவித்து லங்காஷயரில் நெய்து, துணியை மறுபடியும் நமக்கே விற்ற கதையை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. டான்ஸானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா ஜனங்களிடம் 188 பேரிடமிருந்து 350 மாதிரிகள் திரட்டி, 2017-இல் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மழைக்காலத்தில் மறைந்த கிருமிகள் வறண்ட காலத்தில் மீண்டும் தோன்றுவதை அது காட்டிற்று. நகரவாசிகளிடம் அருகிப் போன கிருமிகள் இத்தகைய ஜனங்களிடம் இருப்பதே அவர்கள் மலத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டானதற்குக் காரணம்.

எடுத்தது திரும்பி வந்ததற்கும் உதாரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டாக்கா நகரத்து மீர்ப்பூர் என்னும் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியில், ஆரோக்கியமான 50 குழந்தைகளிடம் பிறந்தது முதல் இரண்டு வயது வரை மாதந்தோறும் மாதிரி எடுத்தார்கள். பெற்றோர் வீட்டு வாசலுக்கு மாதந்தோறும் போய்வருவதென்றால் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை வெளியூரிலிருந்து பத்து நாளைக்கு வந்து போகும் கனவான் சம்பாதிக்க முடியாது. 1960-இல் காலரா ஆராய்ச்சிக்கென்று டாக்காவில் ஏற்பட்டு, 1968-இல் உப்புச்சர்க்கரைக் கரைசலின் பலனை நிரூபித்த ஸ்தாபனமே இங்கும் முன்நின்றது. போஷாக்கின்றி மெலிந்த குழந்தைகளின் குடற்கிருமிகள் வயதுக்கேற்ற வளர்ச்சி பெறவில்லையென்றும், வழக்கமான சத்துணவு கொடுத்தும் அக்குறை நிலையாக நீங்கவில்லையென்றும் 2014-இல் தெரிய வந்தது. அதன்மேல் கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய் ஆகியவற்றைக் கொண்டு, வேண்டிய கிருமிகளை ஊட்டி வளர்க்கும் உணவொன்று தயாராயிற்று. மீர்ப்பூர்க் குழந்தைகள் சுமார் 120 பேருக்கு மூன்று மாதம் ஊட்டிப் பார்த்தார்கள். முன்பிருந்த உணவைவிட இதில் கலோரி குறைவு. எனினும் இதை உண்டவர்களே எடையில் வேகமாகத் தேறினார்கள் என்று 2021-இல் வெளியாயிற்று. பிராணிகளைக் கொண்டு செய்த பரீட்சைகள் அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரத்தில் நடந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. குழந்தையிடம் எடுத்தது அதே தெருக் குழந்தைகளின் கிண்ணத்துக்கு உணவாக வந்தது. நாம் கேட்பது இதற்குக் குறைந்ததன்று.

சட்டம் துணை நிற்குமா என்றால், நம்பிக்கை கொள்வதற்கு இடமில்லை. தாவரங்கள், விலங்குகள் விஷயத்தில் ஒவ்வொரு தேசத்துக்கும் உரிமையளித்த உயிர்ப்பல்வகைமை ஒப்பந்தம், மனிதனுடைய மரபணுப் பொருளைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கிற்று. குடலிலுள்ள கிருமி மனிதனைச் சேர்ந்ததா, மண்ணைச் சேர்ந்ததா? வக்கீல்கள் இருதரப்பிலும் வாதிக்கலாம். அவ்வாதம் முடியுமுன் கிருமி கடல் கடந்திருக்கும். சம்மதப் பத்திரத்தின் யோக்கியதையோ, கடன்காரனிடம் கைநாட்டு வைத்துக் கொடுத்த பத்திரங்களை நீதிமன்றத்திற் கண்ட எவருக்கும் புதிதன்று. தென்னாப்பிரிக்காவின் ஸான் ஜனங்கள் இதனை உணர்ந்து, தங்களிடம் ஆராய்ச்சிக்கு வருவோர் அனுசரிக்க வேண்டிய விதிகளைத் தாங்களே 2017-இல் வகுத்து வெளியிட்டனர். நமது நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் அவ்விதிகளைத் தருவித்துப் படிக்கட்டும். மாதிரி எந்த ஊர்ப் பெட்டியில் இருக்கும், வேறொருவருக்குக் கொடுக்க யார் உத்தரவு வேண்டும், திருப்பிக் கேட்டால் வருமா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாராதவரை, ஒரு குப்பியும் ஊர் எல்லையைத் தாண்ட விடலாகாது.

திருப்பிக் கேட்டவர்கள் பட்ட பாட்டை யனோமாமி ஜனங்கள் அறிவார்கள். பிரேஸில் காட்டில் வாழும் இவர்களிடம் 1960-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரத்தம் எடுத்துச் சென்றனர். இறந்தவருடைய உடைமையோ உடற்பகுதியோ எதுவும் மிஞ்சியிருக்கலாகாது என்பது அவர்கள் ஆசாரம். கொடுத்தவர்களிற் பலர் இறந்த பின்னும் இரத்தம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. 2015-இல் 2,693 குப்பிகள் திரும்பி வந்தன. அவற்றைத் தங்கள் மண்ணிலேயே அவர்கள் புதைத்தார்கள்.