தேய்ந்த எஞ்சினுக்குப் புட்டி மருந்து பலிக்குமா?

பழைய அம்பாசிடர் கார் ஒன்று தெருமுனையில் வேகமெடுக்கும்போது அதன் பின்னால் நீலப் புகை கிளம்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. அத்தகைய காரின் சொந்தக்காரர் உதிரிப்பாகக் கடைக்குப் போனால், கடைக்காரர் ஒரு சிறிய புட்டியை எடுத்து நீட்டுவார். எண்ணெயோடு இதைக் கலந்தால் புகை நிற்கும், இரைச்சல் குறையும், தேய்ந்த இடமெல்லாம் சீராகும் என்று அதன் மேலட்டை உறுதி கூறும். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவை நினைத்துக் கவலைப்படுபவருக்கு அது சஞ்சீவி மூலிகை போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் புட்டியில் உள்ளது உண்மையில் என்ன செய்கிறது?

இதற்கு விடை காண, எண்ணெய் எஞ்சினை எவ்வாறு காக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். "வழுக்கலாக இருப்பதால் காக்கிறது" என்று நீங்கள் சொல்லக்கூடும். அது பாதி உண்மைதான். மறு பாதியை 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ஏறக்குறைய தற்செயலாகக் கண்டார். அவர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது! தக்கை வைத்து அடைத்தார்; தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் வெளியேறிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங்கின் மேல் இருந்த சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் காட்டியது. அதாவது சுழலும் அச்சு தானே எண்ணெயைப் பேரிங்குக்கு அடியில் இழுத்து அழுத்த, பேரிங் அதன் மேல் மிதந்துகொண்டிருந்தது. உலோகம் உலோகத்தைத் தொடவேயில்லை. இதற்கான கணக்கை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வகுத்துத் தந்தார்.

உங்கள் காரின் கிராங்க் தண்டும் இப்படித்தான் மிதக்கிறது. இந்த மிதப்புக்கு வேண்டியவை மூன்று: சுழற்சி, எண்ணெயின் பாகுநிலை, தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி. தேய்மானம் கெடுப்பது மூன்றாவதைத்தான். குறுகிய இடுக்கின் வழியே கசியும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. 0.05 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி தேய்ந்து 0.10 ஆனால், கசிவு இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது! எண்ணெய் அழுத்தமானியின் முள் கீழே படுத்துவிடுவதும், அடியிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை எழுவதும் இதனால்தான்.

சந்தையில் கிடைக்கும் புட்டிகளில் பல, எண்ணெயைத் தடிக்கச் செய்பவை. அவற்றில் நீண்ட சங்கிலி போன்ற பாலிமர் மூலக்கூறுகள் கரைந்துள்ளன. அவை எண்ணெயின் பாகுநிலையை உயர்த்தும். பாகுநிலை உயர்ந்தால் கசிவு குறையும், முள் சற்று எழும், ஓசை மட்டுப்படும், புகையும் கொஞ்சம் தணியும். இது ஏமாற்று இல்லை. ஆனால் எட்டு மடங்கு கசிவை ஈடுகட்ட எட்டு மடங்கு பாகுநிலை வேண்டும். நாலு லிட்டர் எண்ணெயில் ஒரு புட்டியால் அது ஆகிற காரியமா? மேலும், அந்த நீண்ட மூலக்கூறுகள் எஞ்சினின் இடுக்குகளில் அரைபட்டுத் துண்டாகும்போது தடிப்பும் படிப்படியாகக் குறைந்துவிடும்.

இந்தத் தடிப்பை மலிவாகப் பெறவும் வழி உண்டு. 20 டபிள்யூ 40 எண்ணெய்க்குப் பதிலாக 20 டபிள்யூ 50 ஊற்றினாலே போதும். 100 பாகை செல்சியசில் முன்னதன் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை, பின்னதற்கு 16.3 முதல் 21.9 வரை. எண்ணெய் ஆலை அளந்து கலந்து தருவதை, நாம் கண்ணை மூடிக்கொண்டு புட்டியால் கலப்பானேன்?

இனி எஞ்சினின் வேறொரு பகுதியைப் பார்ப்போம். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும், அதன் மேல் சறுக்கும் டேப்பெட்டும் எண்ணெயில் மிதக்கும் பேறு பெறாதவை. இங்கே தொடும் இடம் ஒரு கோடு போல ஒடுங்கியது. அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்குப் பல ஆயிரம் கிலோகிராம். எண்ணெய்ப் படலம் இங்கே ஓரளவு கிழிந்தே தீரும். அப்போது கைகொடுப்பது வேதியியல். துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்ற நீண்ட பெயருடைய சேர்மம் 1940-களிலிருந்து எண்ணெயில் கலக்கப்படுகிறது. வெப்பமும் அழுத்தமும் மிகும் இடத்தில் அது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிகிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய போர்வை தேயத் தேயப் புதிதாக உருவாகிறது. அடியிலுள்ள இரும்பு பிழைக்கிறது.

1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய எல்லாவற்றிலும் சறுக்கும் டேப்பெட்டுகளே உள்ளன. எனவே அவற்றுக்கு இந்தச் சேர்மம் இன்றியமையாதது. சிக்கல் இங்கேதான் வருகிறது. புகைக்குழாயில் நச்சுவாயுக்களை மாற்றும் வினையூக்கிக் கருவி, 1995 ஏப்ரல் முதல் நம் நாட்டின் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. பாஸ்பரஸ் அந்தக் கருவியிலுள்ள பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மேல் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே எண்ணெய்த் தரங்கள் பாஸ்பரசைக் குறைத்தன. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் 'எஸ்.எம்.' தரம் 2004-இல் வந்தபோது, 5 டபிள்யூ 30 போன்ற மெல்லிய எண்ணெய்களுக்கு உச்ச அளவு 0.08 விழுக்காடு என்றாயிற்று. புதிய கார்களில் பெரும்பாலும் உருளும் அல்லது இலேசான அமைப்புகள் இருப்பதால் அவற்றுக்குக் கேடில்லை.

பழைய கார் வைத்திருப்போர் இதைக் கேட்டு அஞ்சித் துத்தநாகப் புட்டிகளைத் தேடுவதுண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உச்ச வரம்பு மெல்லிய எண்ணெய்களுக்கே உரியது. 20 டபிள்யூ 50 போன்ற தடித்த எண்ணெய்களை அது கட்டுப்படுத்துவதில்லை. பழைய காருக்கு ஏற்ற எண்ணெயைத் தேர்ந்தால் தனியே புட்டி பெரும்பாலும் தேவைப்படாது. மிகையாகச் சேர்த்தால் அந்தச் சேர்மமே இரும்பை அரிக்கவும் கூடும். உப்பு வேண்டும் என்பதற்காகக் கை நிறைய அள்ளிப் போடுவோமா?

பாத்திரத்தில் ஒட்டாத பூச்சாகப் பயன்படும் பி.டி.எப்.இ. துகள்களைக் கலந்து விற்பதும் உண்டு. துகள் எஞ்சினின் உட்பக்கமெங்கும் பூச்சாகப் படியும் என்பது விளம்பரம். அமெரிக்காவில் 'ஸ்லிக் 50' என்ற பண்டத்தின் விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 1996-இல் குற்றஞ்சாட்டியது. 1997-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாங்கியவர்களுக்கு ஈடாக 1 கோடி டாலர் ஒதுக்க அந்நிறுவனம் இசைந்தது.

இருந்தும், "ஊற்றினேன், எஞ்சின் பட்டுப்போல் ஓடுகிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பெரும்பாலும் புட்டியை எண்ணெய் மாற்றும் நாளில்தான் ஊற்றுகிறார்கள். கரிந்த பழைய எண்ணெய் போய்ப் புதியது வந்ததன் பலன், புட்டியின் கணக்கில் வரவாகிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று எப்படி அறிவது? பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த மாணவர்களுக்கு இது விளங்கும்.

ஆகவே புட்டி வாங்குமுன் தேய்மானம் எங்கே என்று அறிவதே முறை. எஞ்சின் சூடாக இருக்கையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தையும் மானியால் அளக்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர் சுவரோ தேய்ந்துள்ளன. எண்ணெய் தற்காலிகமாக இடுக்கை அடைத்திருக்கிறது. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வுகளில்தான் குறை. நெடுநேரம் பிடிக்கும் வேலையில்லை. புட்டியை நம்பி ஓராண்டு ஓட்டுவதைவிட இது அதிகம் சொல்லும். பேரிங் ஓசையைத் தடித்த எண்ணெயால் மறைத்துக்கொண்டே ஓட்டினால், ஒரு நாள் கிராங்க் தண்டே வரி விழுந்து கெடும். பேரிங் மாற்றும் செலவோடு அது நிற்காது.

கரி படிந்து வளையங்கள் பள்ளத்தில் இறுகியிருந்தால் மட்டும், அழுக்கு நீக்கும் சேர்க்கைப் பொருள் அவற்றை விடுவித்துப் புகையைக் குறைக்கலாம். நெடுநாள் ஓடாமல் கிடந்த கார்களில் இந்தப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கும் எச்சரிக்கை வேண்டும்: கரைந்து பெயரும் கசடு எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிடக்கூடும்.

சுவர் தேய்ந்த சிலிண்டருக்கு ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைத் தவிர வழியில்லை. கேம் தண்டும் டேப்பெட்டும் புதிதாகப் போட்டால், அப்போதுதான் துத்தநாகச் சேர்மம் செறிந்த எண்ணெய் உண்மையிலேயே தேவைப்படும். புதுப் பரப்புகள் ஒன்றோடொன்று பழகும் முதல் 20 நிமிடங்களில் எஞ்சினை மந்தமாக ஓடவிடாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றில் ஓட்டுவது வழக்கம். மெதுவாகச் சுழலும்போது டேப்பெட்டின் அடியில் எண்ணெய்ப் படலம் மிகவும் மெலிந்துவிடும்.