கௌளையைத் தேடினா கௌளை கிடைக்கணும்

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு சர்ச் பாக்ஸைப் பத்திதான்.

திருவையாறு ஆராதனையில பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் அஞ்சையும் எல்லாரும் சேர்ந்து பாடுவாங்க. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகம். முதலாவது சமஸ்கிருதம், மத்த நாலும் தெலுங்கு. கூட்டத்துல உட்கார்ந்து போன்ல அர்த்தம் தேடுறவங்களுக்காக ஒரு சின்ன தளம் கட்டிட்டிருக்கேன்.

'கௌளை'யைத் தட்டிப் பாருங்க. ஔகாரக் குறியோட வலது பாதி அப்படியே 'ள' மாதிரி இருக்கும். அதனால நிறைய பேர் 'கெ' போட்டு, பக்கத்துல 'ள' போட்டுடுவாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. போதாததுக்கு, யூனிகோட்ல அந்தக் குறியே முழுசாவும் வரலாம், ரெண்டு துண்டாவும் வரலாம். துண்டை ஒட்டுறதை என்எஃப்சி நார்மலைசேஷன் பார்த்துக்கும். 'ள' போட்டதை அது தொடாது.

சரி, 'கெள'வை எல்லாம் 'கௌ'வா மாத்திடலாமேன்னு தோணும். அதே விதியை 'தெள'வுக்கும் போட்டா 'தெளிவு' உடைஞ்சிடும்! அதனால நான் தலைகீழா செய்யறேன். திரையில காட்டுற எழுத்தைத் தொடறதில்லை. ஒப்பிடுறதுக்கு மட்டும், தேடுற சொல், டேட்டாபேஸ்ல இருக்கிற சொல் ரெண்டுலயும் ஔகாரத்தைப் பிரிச்சு 'ள'வா வெச்சுக்கறேன். எப்படித் தட்டினாலும் கௌளை வந்துடும்.

அடுத்தது பாதுகாப்பு. 'நீங்க தேடியது இது'ன்னு அவர் தட்டினதையே திருப்பிக் காட்டுறோம்ல, ஆபத்து அங்கதான். யாராவது லிங்க்லயே ஒரு ஸ்கிரிப்ட்டை ஒளிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பினா, அது நம்ம தளத்தோட பேர்ல ஓடும். 2005-ல மைஸ்பேஸ்ல, தேடல் பக்கத்துல இல்ல, ஒருத்தரோட புரொஃபைல்ல இப்படி நுழைஞ்ச கோட் ஒரே நாள்ல பத்து லட்சம் பேருக்கு மேல பரவுச்சு. மருந்து சிம்பிள்: திரையில எழுதுற இடத்துல எஸ்கேப் பண்ணுங்க. ஆட்டோ சஜஷன் பட்டியல்ல இன்னர்ஹெச்டிஎம்எல் வேண்டாம், டெக்ஸ்ட்கன்டென்ட் போதும். 'ஸ்கிரிப்ட்'ங்கிற வார்த்தையை மட்டும் தடுக்கிறதெல்லாம் வாசலைப் பூட்டிட்டுக் கொல்லையைத் திறந்து வெக்கிற கதை. டேட்டாபேஸுக்கு பாராமீட்டர் வெச்ச க்வெரி, அதுல பேச்சே இல்ல.

கூகுளுக்கு எதைக் காட்டுறது? ஒவ்வொரு கீர்த்தனைக்கும் தனிப் பக்கம், சர்வர்லயே தயாரான ஹெச்டிஎம்எல், சாதாரண லிங்க். ஜாவாஸ்கிரிப்ட் லோட் ஆகலைன்னாலும் படிக்கலாம். தேடல் முடிவுப் பக்கங்களுக்கு மட்டும் நோஇன்டெக்ஸ். இல்லைன்னா ஸ்பேம் ஆளுங்க தங்களோட போன் நம்பரை நம்ம பாக்ஸ்ல தேடின மாதிரி லிங்க் பரப்புவாங்க, அது நம்ம தலைப்போட கூகுள்ல வந்து நிக்கும். அந்தப் பக்கங்களை ரோபாட்ஸ் ஃபைல்ல தடுத்துடாதீங்க. கூகுள் உள்ள வந்து படிச்சாத்தான் நோஇன்டெக்ஸ் இருக்கிறதே அதுக்குத் தெரியும்.

யூஆர்எல்ல தமிழா, ஆங்கில எழுத்தான்னு கேட்பீங்க. 'திருவையாறு'ங்கிறது யூனிகோட்ல 10 குறியீடு, யூடிஎஃப்-8-ல 30 பைட். சில ஆப்கள்ல காப்பி பண்ணி ஒட்டினா சதவீதக் குறியோட 90 எழுத்தா நீளும். அதனால யூஆர்எல்ல ஆங்கில எழுத்து, தலைப்புல தமிழ்னு வெச்சிருக்கேன்.