வந்த வழி எது? கொரோனாவும் திறக்காத பேரேடும்

பாத்திர வியாபாரிக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம் என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரி வாசலை மிதிக்காதவன் நான். கடையடைத்த பிறகு கிடைக்கும் நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டதுதான் என் சரக்கு.

இந்த விஷயத்தில் என்னைப் படிக்க வைத்தது ஒரு கேள்வி. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நம் சங்க அன்பர்கள் சிலரை இழந்தோம். அவர்களில் ஒருவர் என்னோடு முப்பது வருடம் பழகியவர். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. இரங்கல் சொன்னதும் போனில்தான். சில மாதம் கழித்து அவர் வீட்டு அம்மாள் என்னிடம் கேட்டார்: "ஏண்ணா, இது தானா வந்ததா, இல்லை யாராவது கைதவறி விட்டதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று பேச்சு, மூன்று பொருள்

"லேபிலிருந்து வந்தது" என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்லவில்லை. போருக்காகச் செய்த கிருமி என்பது ஒரு பேச்சு. ஆராய்ச்சிக்காக மரபணுவில் கைவைத்த வைரஸ் தப்பியது என்பது இரண்டாவது. வௌவாலிடமிருந்து எடுத்துவந்த இயற்கை வைரஸே ஆய்வாளர் ஒருவரைத் தொற்றி வெளியே வந்தது என்பது மூன்றாவது. முதலாவதை அமெரிக்க உளவுத் துறைகளே 2021-இல் தள்ளிவிட்டன. மற்ற இரண்டும் விபத்தைப் பற்றிய பேச்சு. இதைப் பிரிக்காமல் வாதாடினால், தங்க விலையையும் தகர விலையையும் ஒரே சீட்டில் எழுதின கதைதான்.

சந்தைப் பக்கம் உள்ள சாட்சி

2019 டிசம்பரில் சீனாவின் ஊகான் நகரில் நோய் வெளிப்பட்டபோது, முதல் நோயாளிகளில் பலர் ஹுவானான் மீன் சந்தையோடு தொடர்புள்ளவர்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊர் அது. மைக்கேல் வொரோபே குழுவினர் அந்த டிசம்பர் மாத நோயாளிகளில் 155 பேரின் வீடுகளை வரைபடத்தில் குறித்து 2022-இல் வெளியிட்டார்கள். சந்தைக்கே போகாதவர்களின் வீடுகளும் சந்தையைச் சுற்றியே குவிந்திருந்தன. சந்தைக்குள் எடுத்த மாதிரிகளில் வைரஸ் அதிகம் தென்பட்டது உயிருள்ள காட்டு விலங்குகள் விற்ற மூலையில். அதே இடத்து மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுவும் இருந்தது என்பது 2023-இல் தெரியவந்தது.

முன்னுதாரணமும் உண்டு. 2002-இல் குவாங்டோங் மாகாணத்தில் கிளம்பிய சார்ஸ் நோயின் வைரஸைச் சந்தைப் புனுகுப்பூனைகளில் 2003-இலேயே கண்டார்கள். அதன் மூல உறவினர் யுன்னான் குகை வௌவால்களிடம் இருப்பது தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆனால் ஒரு குறை. ஊகான் சந்தையில் விற்ற ரக்கூன் நாய் ஒன்றையாவது பிடித்துச் சோதித்ததாகப் பதிவு இல்லை. 2020 ஜனவரி 1 அன்று சந்தையை மூடினார்கள், விலங்குகள் போயின, கழுவித் துடைத்தாயிற்று. வைரஸ் தாங்கிய விலங்கு இன்றுவரை கிடைக்கவில்லை. போதாததற்கு, ஆரம்பத்தில் சந்தைத் தொடர்பு உள்ளவர்களையே தேடித் தேடிப் பார்த்ததால்தான் அங்கே குவிந்ததுபோல் தெரிகிறது என்று மறுப்பவர்களும் உண்டு.

ஆய்வகப் பக்கம் உள்ள சந்தேகம்

வௌவால் கொரோனா வைரஸ்களில் உலகப் புகழ்பெற்ற ஊகான் வைரஸ் ஆய்வு நிறுவனம் அதே ஊரில்தான் இருக்கிறது. நோயின் நெருங்கிய உறவு வைரஸ்கள் கிடைத்ததோ சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, யுன்னானிலும் லாவோஸ் நாட்டிலும். "இத்தனை ஊர் இருக்க இந்த ஊரிலா?" என்று எவருக்கும் தோன்றும். சார்ஸ் விஷயத்திலும் குகைக்கும் சந்தைக்கும் நடுவே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் இருந்தது என்று மறுதரப்பு பதில் சொல்கிறது.

அந்த நிறுவனத்திடம் இருந்த ஆர்ஏடிஜி13 என்ற வைரஸ் 96 சதவீதம் ஒத்துப்போகிறது. கேட்க நெருக்கமாக இருக்கும். ஆனால் சுமார் 30,000 எழுத்துள்ள மரபணுவில் நாலு சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். இயற்கையில் பல பத்தாண்டு இடைவெளி. ஆகவே அதைத் திருத்தி இதைச் செய்தார்கள் என்பது நிற்காது.

வலுவான சந்தேகம் வேறொன்று. இந்த வைரஸின் முள் புரதத்தில் ஃபியூரின் என்ற நம் உடல் நொதி வெட்டுவதற்கு ஏற்ற ஓர் இடம் இருக்கிறது. அதனால் தொற்று சுலபமாகிறது. இதே கிளையைச் சேர்ந்த மற்ற வைரஸ்களில் அது காணப்படவில்லை. மெர்ஸ் போன்ற தூரத்து உறவுகளில் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் ஈக்கோஹெல்த் அலையன்ஸ், ஊகான் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமைக்கு அனுப்பிய திட்டத்தில் இப்படிப்பட்ட வெட்டிடங்களைப் புகுத்திப் பார்க்கும் யோசனை இருந்தது. பணம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். திட்டம் இருந்தது உண்மை. வேலை நடந்ததற்குச் சான்று இல்லை. விலைப்பட்டியல் கேட்டவனெல்லாம் சரக்கு எடுத்தவன் ஆகமாட்டான். அதேபோல், எடுக்கவே இல்லை என்று சொல்லவும் இருப்புப் புத்தகத்தைக் காட்டவேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. அந்த நிறுவனத்தின் வைரஸ் தரவுத்தளம் 2019 செப்டம்பரில் வெளியார் பார்வையிலிருந்து போய்விட்டது.

சுவெர்ட்லோவ்ஸ்க் சொல்லும் பாடம்

ஆய்வக விபத்து நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. 1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் சுவெர்ட்லோவ்ஸ்க் நகரில் (இன்றைய எகடெரின்பர்க்) அடைப்பான் நோயால் குறைந்தது 66 பேர் இறந்தார்கள். நம் ஊரில் மாட்டுக்கு வருகிற அதே அடைப்பான். கெட்டுப்போன இறைச்சியால் வந்தது என்றது அரசு. மருத்துவமனைக் குறிப்புகளைக் கேஜிபி எடுத்துக்கொண்டு போனது. ஆனால் ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற இரண்டு நோயியல் மருத்துவர்கள் இறந்தவர்களின் திசு மாதிரிகளை மறைத்துக் காப்பாற்றினார்கள். நோய் மூச்சு வழியாகப் போனது என்பதற்கு அவையே சாட்சி.

1992-இல் அதிபர் யெல்ட்சின் ராணுவத்தின் வேலையே காரணம் என்று ஒப்புக்கொண்டார். அந்த வருடமே ஹார்வர்டு விஞ்ஞானி மாத்யூ மெசல்சன் குழுவோடு அங்கே போனார். இறந்தவர்கள் அன்று இருந்த இடங்களைக் குறித்துப் பார்த்தார்கள். ராணுவக் கூடத்திலிருந்து காற்று வீசிய திக்கில் ஒரே ஒடுங்கிய பட்டையில் விழுந்தன. அதே கோட்டில் 50 கிலோமீட்டர் தூரம் வரை ஆடு மாடுகளும் செத்திருந்தன. 1994-இல் இது அச்சானது. இத்தனைக்கும் 1980களில் இறைச்சி விளக்கம் நம்பத்தக்கது என்று கருதியவர் இதே மெசல்சன். சான்று வந்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார். படித்தவனுக்கு அழகு அதுதான்.

விபத்து எப்படி நடந்ததாம்? சோவியத் கிருமித் திட்டத்தில் உயர் பதவி வகித்து அமெரிக்கா சென்ற கென் அலிபெக், அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றியதைப் பொறுப்பாளர் பதிவேட்டில் எழுத மறந்தார், அடுத்த ஷிப்ட்காரர் தெரியாமல் இயந்திரத்தை ஓட்டினார் என்று எழுதியிருக்கிறார். ஒரு வரி எழுதாததால் இத்தனை உயிர்!

இது மட்டுமல்ல. 2004-இல் பெய்ஜிங் ஆய்வகத்திலிருந்து சார்ஸ் வைரஸ் வெளியே வந்து, ஆய்வாளர் ஒருவரின் தாயார் இறந்தார். 1977-இல் உலகைச் சுற்றிய ஃப்ளூ, 1950-ஐ ஒட்டிய கால வைரஸின் அச்சாகவே இருந்தது. கால் நூற்றாண்டாக மாறாமல் ஒரு வைரஸ் இயற்கையில் இருக்காது. எங்கோ உறைபெட்டியில் இருந்து, ஆய்வகம் அல்லது தடுப்பூசிச் சோதனை வழியாக வெளிவந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள்.

ஆனாலும் ஒன்று. ஆய்வகத்திலிருந்து வரமுடியும் என்பது வேறு, வந்தது என்பது வேறு. கடைப் பையன் திருட முடியும் என்பதற்காக அவனைத் திருடன் என்று சொல்லலாமா?

இன்றைய இருப்பு

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2025 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் இருக்கும் சான்றுகளின் எடை விலங்கு வழிப் பக்கம் சாய்கிறது. ஆனால் சீனா கேட்ட தகவல்களைத் தராததால் ஆய்வக வழியை ஆராயவோ தள்ளவோ முடியவில்லை என்பதே சாரம். அதே வருடம் ஜனவரியில் அமெரிக்காவின் சிஐஏ ஆய்வகப் பக்கம் சாய்ந்தது, அதுவும் "குறைந்த நம்பிக்கையோடு" என்று சொல்லி. எனக்குப் புரிந்தவரை தட்டு சந்தைப் பக்கம் தாழ்ந்திருக்கிறது; முள் இன்னும் நிற்கவில்லை.

எங்கள் சமணத் தர்க்கத்தில் "ஸியாத்" என்றொரு சொல் உண்டு. "இருக்கலாம்" என்று பலரும் மொழிபெயர்ப்பார்கள். "இந்த நோக்கில் பார்த்தால்" என்பதே அதன் சரியான பொருள். எந்த நோக்கில் நின்று சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல் என்பதுதான் அதன் கட்டளை. எதுவானால் என்ன என்று விட்டுவிடுவது அல்ல.

விடை எதுவானாலும் செய்யவேண்டிய வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது. காட்டு விலங்கை உயிரோடு கூண்டில் அடைத்து விற்கும் சந்தையைக் கண்காணிக்க வேண்டும். ஆபத்தான கிருமியைக் கையாளும் கூடம் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் பதிவேடு வெளியார் தணிக்கைக்குத் திறந்திருக்க வேண்டும். பலசரக்குக் கடைக்கே தணிக்கை உண்டு, இதற்கு வேண்டாமா?

அந்த அம்மாளிடம் போன மாதம் சொன்னேன்: "விலங்கு வழியா வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்மா. ஆனா முழுக் கணக்கையும் இன்னும் யாரும் காட்டலை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காட்டச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கணும்ணா," என்றார்.

சுவெர்ட்லோவ்ஸ்க் கணக்கு தீரப் பதினைந்து வருடம் ஆயிற்று. நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.