மிதி கால்வாய் மிதிவண்டிப் பயணம்

மிதி கால்வாய் மிதிவண்டிப் பயணம் என்பது பிரான்சு நாட்டின் தெற்கே துலூசு நகரில் தொடங்கி மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை செல்லும் மிதி கால்வாயின் கரைவழியே, பல நாட்கள் தங்கித் தங்கி மேற்கொள்ளப்படும் ஓய்வுச் சுற்றுலா ஆகும். கால்வாயின் நீளம் சுமார் 240 கிமீ. முன்னர் குதிரைகள் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைப்பாதையே இன்று மிதிவண்டிகள் செல்லும் வழியாக உள்ளது. இப்பயணத்தை ஐந்து முதல் ஏழு நாட்களில் முடிப்பது வழக்கம். கால்வாய் 1996 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

"மிதி" என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நண்பகல் என்றும் தெற்கு என்றும் பொருள் உண்டு. நண்பகலில் கதிரவன் தென்திசையில் நிற்பதால் இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் அமைந்தன. தமிழில் உள்ள மிதி, மிதிவண்டி ஆகிய சொற்களுடன் இதற்குத் தொடர்பு இல்லை. ஒலி ஒற்றுமை தற்செயலானது.

கால்வாயின் வரலாறு

அட்லாண்டிக் பெருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் பிரான்சின் உள்நிலத்தின் ஊடாக இணைக்கும் எண்ணம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இவ்வழி திறந்தால் எசுப்பானியாவைச் சுற்றிச் செல்லும் நீண்ட கடற்பயணத்தைத் தவிர்க்கலாம். ஆனால் இரு கடல்களுக்கும் இடையே நிலம் மேடாக உள்ளது. மேட்டின் உச்சியில் ஓடும் கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இருக்கவில்லை.

விடையைக் கண்டவர் பொறியியலாளர் அல்லர். பெசியே நகரில் பிறந்த பியர்-போல் ரிக்கே (1609–1680) உப்பு வரி தண்டும் அலுவலர். இவர் வடக்கேயுள்ள கருமலையின் ஓடைகளை மறித்து, அந்நீரைச் சிறு வாய்க்கால்கள் மூலம் நோரூசு என்னும் இடத்துக்குக் கொண்டுவரலாம் எனக் கண்டார். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்தில் உள்ள நோரூசே கால்வாயின் உச்சிப் புள்ளி. அங்கு வந்து சேரும் நீர் இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் அட்லாண்டிக்கை நோக்கியும் மறுபக்கம் மத்தியதரைக் கடலை நோக்கியும் செல்கிறது. பதினான்காம் லூயி மன்னர் 1666 அக்டோபரில் இத்திட்டத்துக்கு ஆணை வழங்கினார். மலைநீரைத் தேக்குவதற்கான சான்-ஃபெரெயோல் அணை 1667 இல் தொடங்கி 1672 இல் முடிக்கப்பட்டது.

பணியின் உச்சகட்டத்தில் சுமார் 12,000 பேர் வேலை செய்தனர். ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்ததுடன், மழை நாட்களுக்கும் விடுமுறை நாட்களுக்கும் கூலியைப் பிடிக்கவில்லை. அக்காலத்தில் இது அரிய வழக்கமாகும். வேலையாட்களில் பெண்களும் இருந்தனர். பிரனீசு மலைப்பகுதிப் பெண்கள் நீரைத் திருப்பிவிடுவதில் வழிவழியாகப் பெற்றிருந்த அறிவு இக்கால்வாய்க்கு உதவியது என்று சந்திரா முகர்ஜி என்னும் சமூகவியலாளர் 2009 இல் வெளியான தமது நூலில் வாதிடுகிறார். ரிக்கே தம் சொந்தப் பொருளையும் கடனாகப் பெற்ற பெருந்தொகையையும் இதில் செலவிட்டார். கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதத்தில். அவர் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1680 அக்டோபரில், கடனாளியாகவே இறந்தார்.

அஞ்சல் படகில் துலூசிலிருந்து ஆக்த் வரை செல்ல நான்கு நாட்கள் ஆயின. இன்றைய மிதிவண்டிப் பயணி அதைவிடக் கூடுதலான நாட்களை எடுத்துக் கொள்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமசு செபர்சன் 1787 மே மாதத்தில் தம் வண்டியைப் படகில் ஏற்றி இக்கால்வாயில் பயணம் செய்தார். விரும்பியபோது படகை விட்டிறங்கிக் கரையில் நடந்தும் சென்றார். 1857 இல் போர்தோவையும் செத் துறைமுகத்தையும் இணைக்கும் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டபின் பயணிகள் படகுகள் மறைந்தன. சரக்குப் படகுகள் 1980கள் வரை தாக்குப்பிடித்தன. இன்று கால்வாயில் செல்வன பெரும்பாலும் சுற்றுலாப் படகுகளே.

பாதை

பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்காகவே செல்கின்றனர். துலூசின் மத்தபியோ தொடருந்து நிலையத்துக்கு எதிரிலேயே கால்வாய் ஓடுவதால், தொடருந்தில் இருந்து இறங்கிய உடனே பயணத்தைத் தொடங்கலாம். இங்கிருந்து சுமார் 50 கிமீ தொலைவுக்குத் தார் இடப்பட்ட, மகிழுந்துகள் நுழைய முடியாத பாதை உள்ளது. இந்த 50 கிமீ தொலைவில் ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 57 மீட்டர் மட்டுமே. அதுவும் நீர்ப்பூட்டுகள் உள்ள இடங்களில் சிறு சரிவுகளாகவே வரும். இடைப்பட்ட பகுதி மட்டமானது. சிறுவர்களும் முதியோரும் இப்பயணத்தை மேற்கொள்ள முடிவதற்கு இதுவே காரணம்.

நீர்ப்பூட்டு என்பது படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்துக்கு ஏற்றவும் இறக்கவும் பயன்படும், இருபுறமும் கதவுகள் கொண்ட தொட்டியாகும். இக்கால்வாயில் இத்தகைய இடங்கள் அறுபதுக்கும் மேல் உள்ளன. இவற்றின் சுவர்கள் நேராக இல்லாமல் வெளிப்புறம் வளைந்து, மேலிருந்து பார்க்கையில் முட்டை வடிவில் தோன்றும். தொடக்கத்தில் நேர்ச்சுவராகக் கட்டப்பட்ட ஒன்று மண்ணின் அழுத்தத்தால் இடிந்து விழுந்ததால், வளைவுச் சுவர் அழுத்தத்தைத் தாங்கும் என்று ரிக்கே வடிவத்தை மாற்றினார். பக்கத்தில் உள்ள நீர்ப்பூட்டுக் காவலர் வீடுகளுள் சில இப்போது உணவகங்களாகவோ தங்குமிடங்களாகவோ மாறியுள்ளன.

நோரூசில் சற்றுநேரம் நிற்காமல் போவது இப்பயணத்தின் காரணத்தையே காணாமல் போவதாகும். மலைநீர் வந்து கலக்கும் இடத்தை அங்கு நேரிலேயே பார்க்கலாம். ரிக்கே அமைத்த எண்கோணக் குளம் வண்டல் படிந்து தூர்ந்துவிட்டது. அதன் நடுவே இப்போது மரங்கள் அணிவகுத்த நடைபாதை உள்ளது. அவருடைய வழித்தோன்றல்கள் 1827 இல் எழுப்பிய கல்தூணும் அருகில் உண்டு. நேரமுள்ளவர்கள் நீர் கொண்டுவரும் வாய்க்காலின் கரையைப் பிடித்துக்கொண்டு சுமார் 40 கிமீ சென்றால் சான்-ஃபெரெயோல் அணையை அடையலாம்.

நோரூசுக்கு அப்பால் ஓது மாவட்டம் தொடங்குகிறது. பாதையின் தன்மையும் மாறுகிறது. பல இடங்களில் சரளையும் மண்ணும், சில இடங்களில் ஒரே வண்டி செல்லும் அளவுக்கு ஒடுங்கிய ஒற்றையடிப் பாதையும், மரவேர்கள் புடைத்த மேடுபள்ளங்களும் உண்டு. மழைக்குப் பின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். பாதையைச் செப்பனிடும் பணிகள் பகுதி பகுதியாக நடைபெற்று வருகின்றன. மெல்லிய சக்கரம் கொண்ட பந்தய மிதிவண்டி இப்பகுதிக்கு ஏற்றதன்று.

கசுத்தெல்நோதாரியில் கால்வாய் 7 எக்டேர் பரப்புள்ள குளமாக விரிகிறது. உச்சிப் பகுதியின் நீரை முறைப்படுத்தவும் படகுகள் தங்கவும் இது அமைக்கப்பட்டது. வெள்ளை அவரை விதைகளுடன் வாத்து, பன்றி இறைச்சிகளைச் சேர்த்து மண்சட்டியில் நெடுநேரம் வேகவைக்கும் கசூலே என்ற உணவுக்கு இவ்வூர் பெயர் பெற்றது. இது உண்டபின் மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்ற உணவு அன்று என்பதால், பயணிகள் இதை இரவில் உண்பதே நல்லது. அடுத்த பெரிய ஊர் கர்கசோன். கால்வாய் முதலில் இந்நகரைத் தொடாமல் சென்றது. 1810 இல் தான் நகருக்குள் வளைத்துக் கொண்டுவரப்பட்டது. ஆற்றின் மறுகரையில் உள்ள இடைக்கால மதில் நகரம் 1997 இல் தனியே உலக பாரம்பரியக் களமானது.

திரேப், ஓம்ப்சு ஆகிய ஊர்களைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே சென்றால், நீர்ப்பூட்டே இல்லாத 54 கிமீ நீளப் பகுதி தொடங்குகிறது. நீர்மட்டத்தை மாற்றாமல் வைத்திருக்கும் பொருட்டுக் கால்வாய் இங்கு நிலத்தின் சம உயர வரையையே பின்பற்றி வளைந்து வளைந்து செல்கிறது. எதிரில் தெரியும் ஊரின் கோபுரம் ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் எதிரிலேயே இருப்பதைக் காணலாம். ரெப்பூதிர் ஆற்றின் மேல் 1676 இல் கட்டப்பட்ட நீர்ப்பாலமும், பழைய கல்பாலம் உடைய லெ சொமாய் சிற்றூரும் இப்பகுதியில் உள்ளன.

மல்பாசு என்னுமிடத்தில் ஒரு குன்று குறுக்கிடுகிறது. அதன் மண் உதிரும் தன்மை கொண்டதால் துளைக்கவே முடியாது என்று எதிர்த்தவர்கள் கூறினர். அமைச்சர் கொல்பேர் பணியை நிறுத்தும்படி ஆணையிட்டிருந்த வேளையில், ரிக்கே எவருக்கும் தெரியாமல் சில நாட்களுக்குள் குன்றைக் குடைந்து முடித்தார் என்று கூறப்படுகிறது. 1679 இல் உருவான இச்சுரங்கம், சுமார் 165 மீட்டர் நீளம் கொண்டது. படகு செல்வதற்காக ஐரோப்பாவில் குடையப்பட்ட முதல் சுரங்கமாகக் கருதப்படுகிறது. இதே குன்றினுள், கால்வாய்க்குக் கீழே தொடருந்துச் சுரங்கமும், அதற்கும் கீழே மொந்தாதி ஏரியின் நீரை வடிப்பதற்காக 13 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வடிகாலும் உள்ளன. பக்கத்திலுள்ள ஆன்செரூன் மேட்டில் ஏறிப் பார்த்தால், வற்றிய அந்த ஏரிப்படுகை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற வயல்களாகப் பிரிந்திருப்பதைக் காணலாம். மிதிவண்டியை விட்டிறங்கி நடந்தாலும் தகும் என்று சொல்லத்தக்க காட்சி இது.

பெசியேயின் நுழைவாயிலில் உள்ள ஃபோன்செரான் நீர்ப்பூட்டுத் தொடர் எட்டு அறைகளால் படகுகளை 21.5 மீட்டர் இறக்கும் வகையில் கட்டப்பட்டது. அதன் பக்கவாட்டுப் பாதையே இப்பயணத்தின் மிகச் செங்குத்தான சரிவு. 1980களில் இதற்கு மாற்றாக அருகில் கட்டப்பட்ட இயந்திரச் சரிவு பழுதுகளால் கைவிடப்பட்டது. மூன்று நூற்றாண்டுப் பழமையான படிகளே இன்றும் வேலை செய்கின்றன. 1858 முதல் கால்வாய் ஓர்பு ஆற்றை நீர்ப்பாலத்தின் மேல் கடக்கிறது. ஆக்தில் மூன்று திசைகளில் படகைத் திருப்பக்கூடிய வட்ட நீர்ப்பூட்டு உள்ளது. மர்செயான் அருகே கால்வாய் தோ காயலில் முடிகிறது. படகுகள் காயலைக் கடந்து செல்ல, மிதிவண்டிகள் கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டின் வழியே செத் நகரை அடைகின்றன. இம்மணற்பாங்கான நிலங்களில் நெருஞ்சி வளர்வதால் மாற்றுக் குழாய் ஒன்றைக் கையில் வைத்திருப்பது தேவை.

மரங்களின் அழிவு

இக்கால்வாயின் படங்களைப் பார்த்துவிட்டு வருவோர் பலர் ஏமாற்றம் அடைவது மரங்களைக் குறித்தே. 19 ஆம் நூற்றாண்டில் பெருமளவில் நடப்பட்ட பிளத்தான் மரங்கள் (காசுமீரத்துச் சினார் மரத்தின் இனம்) இருகரையிலும் கூரை வேய்ந்தது போல நின்றன. எண்ணிக்கை சுமார் 42,000. இவை அழகுக்காக மட்டும் நடப்பட்டவை அல்ல. வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்தின. நிழல் நீர் ஆவியாவதைக் குறைத்தது. குதிரைகளும் ஆட்களும் வெயிலில் வாடாமல் இருந்தனர்.

2006 இல் கர்கசோன் அருகே இம்மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகை வழியே இந்நோய் பிரான்சுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பட்டையில் உள்ள காயத்தின் வழியே நுழையும் பூஞ்சை, மரத்தினுள் நீர் செல்லும் குழாய்களை அடைத்துச் சில ஆண்டுகளில் மரத்தைக் கொல்கிறது. மருந்து இல்லை. நெருக்கமாக நடப்பட்டதால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும், ஓடும் நீர் நோயைக் கீழ்நோக்கி எடுத்துச் செல்வதும் பரவலை விரைவாக்கின. படகுகளை மரத்தில் கட்டும் கயிறு பட்டையைத் தேய்ப்பதும் ஒரு காரணம் என்பதால், அவ்வாறு கட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. கரையில் ஒரே இனத்தை வரிசையாக நட்ட முறையே நோய்க்கு வழியமைத்தது எனலாம்.

கால்வாயைப் பேணும் பிரான்சு நீர்வழி ஆணையம் நோயுற்ற மரங்களையும் அவற்றுக்கு அண்மையிலுள்ளவற்றையும் வெட்டி, அவ்விடத்திலேயே எரித்துவிடுகிறது. இவ்வாறு பல்லாயிரம் மரங்கள் நீக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு மாற்றாகக் கருவாலி முதலிய பல இன மரங்கள் கலந்து நடப்படுகின்றன. இவை நிழல்தரும் அளவுக்கு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே, குறிப்பாகக் கர்கசோனுக்குக் கிழக்கே, பல கிலோமீட்டர்கள் வெட்டவெளியில் செல்ல வேண்டியுள்ளது. சூலை, ஆகத்து மாதங்களில் நண்பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. நிழல் இருந்த காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் கோடையைப் பரிந்துரைப்பதை அப்படியே ஏற்பது தவறாகும். மே, சூன், செப்டம்பர் மாதங்களே இப்போது ஏற்றவை.

காற்று

செர்ஸ் எனப்படும் மேற்குக் காற்று ஓது சமவெளியில் பலமாக வீசும். கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு இது பின்னிருந்து தள்ளும் உதவி. எதிர்த்திசையில் செல்வோருக்குத் தண்டனை. துலூசுக்கும் கசுத்தெல்நோதாரிக்கும் இடையே தென்கிழக்கிலிருந்து வீசும் ஓத்தான் காற்று இதற்கு நேர்மாறானது. அது சில நாட்கள் தொடர்ந்து வீசக்கூடியது. மட்டமான பாதை என்ற எண்ணத்தில் நாளொன்றுக்கு 80 கிமீ எனத் திட்டமிடுவோர் இக்காற்றினால் இடர்ப்படுவர். 40 முதல் 50 கிமீ என்பது ஓய்வுப் பயணத்துக்குப் பொருத்தமான அளவு.

பயண ஏற்பாடுகள்

துலூசு, கசுத்தெல்நோதாரி, கர்கசோன், பெசியே, ஆக்த், செத் ஆகிய ஊர்கள் ஒரே தொடருந்துப் பாதையில் உள்ளன. இதனால் உடல்நலமின்மையோ வண்டிப் பழுதோ ஏற்பட்டால் பயணத்தை இடையில் நிறுத்தவோ, கடினமான பகுதியைத் தாண்டிச் செல்லவோ முடியும். வட்டாரத் தொடருந்துகளில் மிதிவண்டி ஏற்றலாம், இடம் குறைவு. பயணப்பெட்டிகளை ஒவ்வொரு நாளும் அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் நிறுவனங்கள் உள்ளன. மிதிவண்டிப் பயணிகளை வரவேற்கும் தங்குமிடங்களுக்குப் பிரான்சில் தனி அடையாளச் சின்னம் வழங்கப்படுகிறது. அவற்றில் வண்டியைப் பூட்டி வைக்க இடம் இருக்கும். சிற்றூர்களில் கடைகள் நண்பகலில் நெடுநேரம் மூடப்படுவதால் நீரையும் உணவையும் காலையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொடர்ச்சி

துலூசிலிருந்து மேற்கே, 1856 இல் நிறைவடைந்த 193 கிமீ நீளமுள்ள கரோன் கால்வாய் போர்தோவின் திசையில் செல்கிறது. அதன் கரைப்பாதை பெரும்பகுதி தார் இடப்பட்டது, நிழலும் கூடுதல். இரு கால்வாய்களையும் சேர்த்து, அட்லாண்டிக் கரையிலுள்ள ருவாயான் முதல் செத் வரையான வழி "இரு கடல்களின் கால்வாய்" மிதிவண்டிப் பாதை என்ற பெயரால் அழைக்கப்படுகிறது. முதன்முறையாகச் செல்வோரும் சிறுவருடன் செல்வோரும் கரோன் பகுதியில் தொடங்கி நோரூசுடன் நிறுத்திக்கொள்வதும் உண்டு.