கேமிங் லேப்டாப்பா, குட்டி டெஸ்க்டாப்பா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறக்கும் சமயத்தில், நெல்லை, பாளையங்கோட்டை வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "கேமிங் லேப்டாப்தான் வேணும்ங்கான், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பலரும் மாதத் தவணையில் வாங்கும் பொருள் இது. அவசரப்பட்டு வாங்கினால் மூன்று நான்கு வருடம் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் கார்டுதானே போடுகிறார்கள்?

பெயர் மட்டும்தான் ஒன்று. ஆர்டிஎக்ஸ் 4070-ஐ எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்பில் அது 12 ஜிபி நினைவகத்துடன் 200 வாட் மின்சாரம் வரை எடுக்கும். அதே பெயரில் லேப்டாப்பில் வருவது வேறொரு சிறிய சில்லு. நினைவகம் 8 ஜிபி. அதற்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் நிறுவனமே முடிவு செய்கிறது. அதனால் ஒரே கார்டு போட்ட இரண்டு லேப்டாப்கள்கூட ஒரே வேகத்தில் ஓடாது. அடுத்து வந்த 5070-லும் டெஸ்க்டாப்புக்கு 12, லேப்டாப்புக்கு 8 ஜிபிதான். கிராபிக்ஸ் சில்லுக்குக் கொடுக்கும் இந்த மின்சார அளவைத்தான் டிஜிபி என்பார்கள். கடையில் "டிஜிபி எத்தனை வாட்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

டெஸ்க்டாப். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏசி இல்லாத அறையில், ஏற்கெனவே சூடான காற்றைத்தான் லேப்டாப்பின் சின்ன விசிறிகள் உள்ளே இழுக்கின்றன. பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசுக்கான வேகம் கோடையில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

வெயில் தணிந்தால் தூசி வரும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று வீட்டுக்குள் புழுதியையும் கொண்டுவந்து கொட்டும். டெஸ்க்டாப் கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி நீங்களே ஊதிச் சுத்தம் செய்துவிடலாம். லேப்டாப்பின் அடிமூடியைத் திறக்கப் பலருக்கும் தயக்கம். அப்படியே விட்டுவிடுவதால் வெப்பம் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் டெஸ்க்டாப்பிலும் இருப்பதிலேயே மிகச் சிறிய பெட்டியைத் தேடிப் போகாதீர்கள். காற்று ஓட இடம் இல்லையென்றால் அங்கும் இதே கதைதான்.

கரண்ட் போனால்? பில் எகிறுமா?

லேப்டாப்பில் பேட்டரி உண்டு. செய்த வேலை அழியாது. இது உண்மையான சௌகரியம். ஆனால் பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வேகம் பெருமளவு குறைந்துவிடும், அதை நம்பி விளையாட முடியாது. டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் அவசியம். வழக்கமான 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்.

300 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பில் தினமும் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட். 180 வாட் லேப்டாப்புக்கு 32 யூனிட் சொச்சம். வித்தியாசம் பெரிதில்லை. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடு மட்டும் யோசிக்க வேண்டும். அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது.

குட்டி டெஸ்க்டாப்பை ஊருக்குத் தூக்கிப் போக முடியுமா?

17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டில் கட்டினால் பெட்டி ஒரு தோள்பைக்குள் அடங்கும். மானிட்டர் தனி. செமஸ்டர் விடுமுறைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டுவரலாம். கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள். வாராவாரம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைவது நடக்காத காரியம். மினி ஐடிஎக்ஸ் பாகங்களுக்கு விலையும் கூடுதல். வீட்டிலேயே இருக்கப் போகும் கம்ப்யூட்டருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டே போதும். அதன் பாகங்கள் எளிதில் கிடைக்கும்.

பழுதானால்?

கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சில்லு போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. வாரண்டி முடிந்தபின் அது போனால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள், செலவு கையைக் கடிக்கும். டெஸ்க்டாப்பில் போன பாகத்தை மட்டும் மாற்றலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆற்றங்கரையை ஒட்டிய வீடுகளில் கேபினெட்டைத் தரையில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் வரை புகுந்ததை மறக்க முடியாது.

கடைசியில் எதை வாங்கலாம்?

வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்கு டெஸ்க்டாப்தான் சரி. வகுப்புக்கு லேப்டாப் வேண்டுமே என்றால், கல்லூரி மாணவர்களுக்கு 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த மடிக்கணினித் திட்டம் இருக்கிறது. அது கைக்கு வந்தவருக்கு இரண்டாவது லேப்டாப் எதற்கு? சென்னையிலோ கோவையிலோ விடுதியில் தங்கி, பிளெண்டர், அன்ரியல் போன்ற கனமான மென்பொருள்களை வகுப்பிலேயே ஓட்ட வேண்டிய மாணவருக்கு மட்டும் கேமிங் லேப்டாப் கொடுத்த காசுக்குப் பயன் தரும். எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக. வாரண்டி கேட்கப் போகும்போது அது தேவைப்படும்.